சேக்காட்டிலிருந்து அரண்மனைக்காரன் தெரு வரை

சேக்காட்டில் குடியிருக்கும் கத்தோலிக்கக் குடும்பம் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும்போது, பள்ளியின் பெயருக்கு அடுத்து வீட்டில் அடிபடுவது ரயில் நேரம். ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில், சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் பகுதி இது. பக்கத்து நிலையம் இந்துக் கல்லூரி. 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் வந்த பிறகு, தென் மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். அவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு. பங்குக் கோவில்கள் எழுந்தன, அன்பியக் கூட்டங்கள் தெருவுக்குத் தெரு நடக்கின்றன. பெயர்பெற்ற பழைய கத்தோலிக்கப் பள்ளிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அவை அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. மதராஸில் கத்தோலிக்கக் கல்வி, கோட்டையையும் மயிலாப்பூரையும் மையமாக வைத்து வளர்ந்தது. அரண்மனைக்காரன் தெருவில் தூய மரியன்னை ஆங்கிலோ–இந்தியப் பள்ளி 1839இல் தொடங்கியது. அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைக் கன்னியர் 1842இல் வந்திறங்கி ஜார்ஜ் டவுனில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். சாந்தோமில் செயின்ட் பீட்ஸ் 1907இலும், அண்ணா சாலையில் சர்ச் பார்க் கான்வென்ட் 1909இலும், எழும்பூரில் தொன் போஸ்கோ 1958இலும் வந்தன. மதராஸ் உயர் மறைமாவட்டமும் மயிலாப்பூர் மறைமாவட்டமும் 1952இல் ஒன்றானபோது, ஆவடிப் பக்கம் இன்றைய நகரமாக ஆகியிருக்கவில்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. ஆனால் ஜனம் மேற்கே குடியேறியது அதற்கு நூறு வருடங்கள் கழித்து. குடும்பங்கள் நகர்ந்தன, பள்ளிகள் நகரவில்லை. அந்த இடைவெளியைக் காலையும் மாலையும் கடக்கிற வேலை பிள்ளைகளின் தோளில் விழுந்திருக்கிறது.

தூரத்துப் பள்ளியில் பெற்றோர் எதைத் தேடுகிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்காமல் பயணத்தை எடைபோட முடியாது. பொதுவாக நான்கு காரணங்கள் சொல்லப்படும்: ஆங்கிலம், ஒழுங்கு, விசுவாசம், பள்ளியின் பெயர். இவற்றில் பாடத்திட்டம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு இன்று இடமும் இல்லை. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ–இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்திருந்த பாடத்திட்டங்கள், 2010ஆம் ஆண்டின் சமச்சீர் கல்விச் சட்டத்தால் ஒன்றாக்கப்பட்டன. வழக்குகளுக்குப் பிறகு 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மத்திய வாரியத்துக்குப் போகாத பள்ளியாக இருந்தால், எழும்பூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் அறிவியல் புத்தகமும் ஆவடி அரசுப் பள்ளிப் பிள்ளை படிக்கும் அறிவியல் புத்தகமும் ஒன்றே. அப்படியானால் அதிகாலையில் எழுந்து 25 கிலோமீட்டர் போவது புத்தகத்துக்காக அல்ல. புத்தகத்துக்கு வெளியே அந்தப் பள்ளி தருவதற்காக. அது பிள்ளையின் கைக்கு வந்து சேருகிறதா என்பதே தீர்மானிக்க வேண்டிய கேள்வி.

முதலில் நேரக் கணக்கு. வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடையோ ஷேர் ஆட்டோவோ, நடைமேடையில் காத்திருப்பு, மின்ரயில், இறங்கியபின் நடை அல்லது பேருந்து எல்லாம் சேர்ந்து சேக்காட்டிலிருந்து நகரின் மையத்துக்கு ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்பது தாராளமான கணக்கு அல்ல. போக வர மூன்று மணி. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு வருடத்தில் 220 வேலை நாட்கள், 1000 கற்பித்தல் மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. அதே 220 நாட்களுக்கு மூன்று மணி நேரம் வீதம் பயணம் 660 மணி. அதாவது வகுப்பறையில் மூன்று பங்கு நேரம் இருக்கிற பிள்ளை, வழியில் இரண்டு பங்கு நேரம் இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடங்களுக்கு இது 4,620 மணி நேரம். இதே சட்டத்தின் கீழ் வந்த விதிகள், ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. குழந்தைக்கு எவ்வளவு தூரம் தகும் என்பதில் அரசு வைத்திருக்கும் அளவு அது.

பணக் கணக்கில் பயணம் பெரிய சுமையாகத் தெரியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பாஸ் உண்டு. ரயிலில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே, மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையும் இரண்டாம் வகுப்பு மாதாந்திரச் சீட்டு இலவசம். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் கையிலிருந்து காசு போகாததால், இன்னொரு வகையில் போவது கணக்கில் ஏறாமல் நின்றுவிடுகிறது.

கிலோமீட்டரைவிட முக்கியம், வழியில் எத்தனை முறை மாற வேண்டும் என்பது. இந்த விஷயத்தில் மேற்கு வழித்தடத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பெரம்பூர் நேர் பாதையில் வருகிறது. லூர்து அன்னை திருத்தலமும் அதைச் சுற்றிய கத்தோலிக்கப் பள்ளிகளும் உள்ள பகுதி அது. சேக்காட்டுப் பிள்ளை ஒரே ரயிலில் ஏறி அங்கே இறங்கிவிடலாம். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அரண்மனைக்காரன் தெரு இன்னும் தூரம். ஆனால் வியாசர்பாடி ஜீவாவில் பிரிந்து கடற்கரை நிலையம் வரை போகும் ரயில்கள் இருப்பதால், இறங்கி நடந்தே போகலாம். எழும்பூர் வரைபடத்தில் அருகில் தெரிந்தாலும், சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவோ பேருந்தோ பிடிக்க வேண்டும். சாந்தோமுக்குச் சென்ட்ரலிலிருந்து பூங்கா நகரம் போய்ப் பறக்கும் ரயில் ஏற வேண்டும்.

மாற்றம் உள்ள வழி எவ்வளவு எளிதில் அறுந்துபோகும் என்பதற்கு அந்தப் பறக்கும் ரயிலே சாட்சி. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே சேவை நிறுத்தப்பட்டது. சில மாதங்கள் என்று சொல்லப்பட்டது, 2024 அக்டோபர் 29 வரை நீடித்தது. ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதியும் அடுத்ததன் முதல் பாதியும் அதில் போயின. அந்த இணைப்பை நம்பி 2023 ஜூனில் ஒரு பிள்ளையைச் சாந்தோமில் சேர்த்திருந்தால், மூன்றாம் மாதத்திலேயே அந்த ஏற்பாடு கலைந்திருக்கும். மழைக்காலமும் அப்படித்தான். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் உள்ள 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் பக்கமே ரயில் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதுதான் நடந்தது. புயலுக்குப் பள்ளிகளை மூடிவிடுவார்கள். மதியத்துக்கு மேல் திடீரென்று பிடிக்கும் மழைக்கு யாரும் முன்கூட்டியே விடுமுறை விடுவதில்லை. அன்றைக்குப் பதினோரு வயதுப் பிள்ளை நகரத்தின் மறுகோடியில் நிற்கும்.

நிலையத் தேர்விலும் நுணுக்கம் உண்டு. இந்துக் கல்லூரிக்கு வரும் ரயில்களில் பெரும்பாலானவை அரக்கோணத்திலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ நிரம்பி வருபவை. ஆவடியிலிருந்தே புறப்படும் ரயில்களும் உண்டு, அவற்றில் உட்கார இடம் கிடைக்கும். பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்று பல குடும்பங்கள் ஆவடி போய் ஏறுவது இதனால்தான். உட்கார்ந்து போகும் ஐம்பது நிமிடமும் புத்தகப் பையைச் சுமந்து நின்றுகொண்டு போகும் ஐம்பது நிமிடமும் ஒன்றல்ல. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கையே எவ்வளவு நேரம் முதுகில் வைத்திருப்பது என்பது அதில் இல்லை.

பயணம் முதலில் தின்பது தூக்கத்தை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. பருவமடையும் வயதில் உடலின் உறக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. சீக்கிரம் படு என்று அதட்டினாலும் தூக்கம் வராத வயது அது. இதை வைத்துத்தான் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல் சொன்னது. சேக்காட்டில் இதைப் பொருத்திப் பார்த்தால், எட்டரை மணிப் பள்ளிக்கு ஐந்தரைக்கு எழ வேண்டும். மாலை ஐந்தேகாலுக்கு மேல் வீடு, ஆறு மணிக்கு ட்யூஷன், எட்டுக்கு மேல் சாப்பாடு, வீட்டுப்பாடம். படுக்கும்போது பத்தரை. கையில் கிடைப்பது ஏழு மணி நேரம், தேர்வுக் காலத்தில் அதுவும் இல்லை. தெருவில் விளையாடும் நேரம் இந்தப் பட்டியலில் எங்குமே வரவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது. அது வீட்டுக்குள்கூட அதிகம் பேசப்படுவதில்லை. மின்ரயிலில் கழிப்பறை கிடையாது. பள்ளியிலிருந்து வீடுவரை அடக்கிக்கொள்ள வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவிகள் உண்டு. மாதவிலக்கு நாட்களில் ஒன்றரை மணி நேரம் நெரிசலில் நிற்பது என்ன என்பதைத் தாய்மார் அறிவார்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் அவர்கள் இதைச் சொல்ல வேண்டும், வீட்டு ஆண்கள் கேட்க வேண்டும்.

ஆண் பிள்ளைகளுக்கு ஆபத்து வாசற்படியில். 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலையில், தடம் மாறி வந்த ரயிலின் படியில் தொங்கியவர்கள் கான்கிரீட் தடுப்பில் மோதி இறந்தார்கள். படியில் நிற்பது இடமில்லாததால் மட்டும் நடப்பதில்லை, வயதும் கூட்டாளிகளும் அங்கே நிறுத்துகிறார்கள். அரக்கோணம் தடத்தில் வழித்தடத்தின் தலைவன் யார் என்று கல்லூரி மாணவர்கள் போடும் ‘ரூட்டு தல’ மோதல்கள் பல வருடப் பிரச்சினை. எட்டாம் வகுப்புப் பையன் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறான்.

ஆனால் ரயிலைக் கேடாக மட்டும் காட்டுவது நியாயமாகாது. அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் வில்லிவாக்கத்திலும் ஒவ்வொருவராக ஏறி ஒரே பெட்டியில் சேரும் பள்ளித் தோழர்கள், வகுப்பறையில் அமையாத ஒரு நட்பைக் கட்டுகிறார்கள். கால அட்டவணை படிக்க, அந்நியரிடம் வழி கேட்க, தவறவிட்ட ரயிலுக்குப் பதறாமல் இருக்க அந்தப் பிள்ளைகள் சீக்கிரம் கற்கிறார்கள். நகரத்தில் வேலை பார்க்கும் அப்பாவோ அம்மாவோ அதே ரயிலில் கூட வந்தால், அந்த ஒரு மணி நேரம் வேறெப்போதும் வாய்க்காத பேச்சு நேரமாகவும் ஆகலாம். இந்த நன்மைகளும் அளவுக்கு உட்பட்டவை. ஒரு மணி நேரத்துக்குள் அவை பெரும்பாலும் கிடைத்துவிடுகின்றன. அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு கால் மணியும் களைப்பை மட்டுமே கூட்டுகிறது.

இனி விசுவாசத்தின் பக்கம் வரலாம். இங்கேதான் தூரத்தின் பெரிய இழப்பு இருக்கிறது, பலரும் பார்க்கத் தவறுவதும் இதுவே. கத்தோலிக்கப் பள்ளியைக் கத்தோலிக்கப் பள்ளியாக ஆக்குவது பெரும்பாலும் பாட வேளைக்கு வெளியில் நடக்கிறது. வகுப்பு தொடங்கும் முன் சிற்றாலயத்தில் திருப்பலி, மாலையில் பாடகர் குழு, இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கம், நாடகம், தியானம், எல்லாவற்றுக்கும் மேலாக மைதானம். சலேசியர் பள்ளிகளில் மைதானம் ஓய்வுக்கான இடம் மட்டும் அல்ல. தொன் போஸ்கோ 1841இல் தூரின் நகரத்துத் தெருப் பையன்களைச் சேர்த்துத் தொடங்கிய பணியில், பிள்ளைகளோடு ஆசிரியர் விளையாடுவது கல்வியின் நடுப்பகுதியாக இருந்தது. அறிவு, சமயம், அன்பு மூன்றையும் தூணாகக் கொண்ட அவருடைய முன்தடுப்பு முறை, பெரியவர் கூடவே இருப்பதை நம்பி நிற்கிறது. 1906இல் தஞ்சாவூரில் கால் வைத்த சலேசியர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் அதைத்தான். கடைசி மணி அடித்ததும் மூன்று ஐம்பது ரயிலுக்கு ஓடும் சேக்காட்டுப் பையனுக்கு இவற்றில் எது கிடைக்கிறது? அவனுக்குக் கிடைப்பது சமச்சீர்ப் புத்தகமும் சீருடையும். ஃபாதர்களும் சிஸ்டர்களும் பிள்ளைகளோடு உண்மையாகப் பழகும் அந்த நேரத்தில் அவன் பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்குக் காத்திருக்கிறான். தொலைவிலுள்ள கத்தோலிக்கப் பள்ளி, எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அதையே தூரத்துப் பிள்ளைக்குக் குறைவாகத் தருகிறது.

சொந்தப் பங்கும் இதில் இழக்கிறது. வாரம் முழுக்க அலைந்த பிள்ளை ஞாயிறு காலை மறைக்கல்வி வகுப்புக்கு எழ மறுக்கும். பீடச் சிறுவர் குழுவிலிருந்தும் பாடகர் குழுவிலிருந்தும் முதலில் கழன்றுகொள்வது தூரத்துப் பள்ளிக்குப் போகிறவர்களாக இருந்தால் வியப்பதற்கில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு மட்டும் திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதமும் வாங்கிப் போய், பிறகு பங்கில் முகம் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு அந்தச் சான்றிதழின் அர்த்தம் என்ன?

கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்காவிட்டால் கடமை தவறியதாகுமோ என்ற தயக்கம் சில பெற்றோருக்கு உண்டு. அந்தத் தயக்கத்துக்கு இன்றைய திருச்சபைச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. 1917ஆம் ஆண்டின் பழைய தொகுப்பு, கத்தோலிக்கர் அல்லாதவர்களின் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவதைத் தடுத்தே பேசியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே முதல் கல்வியாளர்கள் என்பதை முன்னிறுத்தியது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் 798ஆம் சட்டம், கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளில் பிள்ளைகளை ஒப்படைக்கச் சொல்கிறது. இயலாதபோது பள்ளிக்கு வெளியே தகுந்த கத்தோலிக்கக் கல்வி கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளவும் சொல்கிறது. பிள்ளையின் உடலை வதைக்கும் தூரம், இயலாமைக்கு நேர்மையான காரணமே. பக்கத்துப் பள்ளியும் ஞாயிறு மறைக்கல்வியும் மாலைக் குடும்பச் செபமும் சேர்ந்த ஏற்பாடு எந்த வகையிலும் இரண்டாந்தரமானது அல்ல.

ஏழைக் குடும்பத்துக்குத் தேர்வு இன்னும் குறுகியது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்குத் தரச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டம், 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தவில்லை. அருகில் உள்ள கத்தோலிக்க மெட்ரிகுலேஷன் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாதவர்கள், நகரத்திலுள்ள அரசு உதவிபெறும் கத்தோலிக்கப் பள்ளியைத் தேடிப் போவது இதனால்தான். அவர்களுடைய பயணம் விருப்பத்தால் வந்ததல்ல. அந்தக் குடும்பங்களிடம் தூரத்தின் தீமையைச் சொல்வதைவிட, பக்கத்துப் பள்ளி கட்டணத்தைக் குறைத்துக் கதவைத் திறப்பதே நீதி.

முன்பு தூரத்துக்குத் திருச்சபை கண்ட வழி விடுதி. நாகப்பட்டினத்தில் 1844இல் தொடங்கி 1883இல் திருச்சிக்கு மாறிய தூய வளனார் நிறுவனம் போன்ற சேசு சபைக் கல்விச்சாலைகள், தொலைவூர்ப் பிள்ளைகளைத் தங்கவைத்தே வளர்த்தன. வீட்டைப் பிரிந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்கு மைதானமும் சிற்றாலயமும் முழுமையாகக் கிடைத்தன. மின்ரயில் பிள்ளைக்கு வீடு கிடைக்கிறது, ஆனால் அங்கே அது தூங்கி எழ மட்டுமே நேரமிருக்கிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், சேக்காட்டிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே ரயிலில், வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் கத்தோலிக்கப் பள்ளி கிடைத்தால் அது தகும். இரண்டு இடத்தில் மாறிப் போகும் பள்ளி, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அந்த வயதுக்குத் தகாது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கு வேறு. பிள்ளைக்கு வேண்டிய பாடப்பிரிவு அங்கே மட்டும் இருந்து, வலிமையும் விருப்பமும் இருந்தால், இரண்டே வருடம் என்பதால் தாங்கலாம். எதுவானாலும் விண்ணப்பம் போடுவதற்கு முன், பள்ளி நடக்கும் ஒரு திங்கட்கிழமை காலை, பிள்ளையோடு அதே நேரத்து ரயிலில் போய், மாலையில் அதே நேரத்து ரயிலில் திரும்பிப் பாருங்கள். பள்ளியில் விசாரிக்கும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு, கடைசி மணிக்குப் பிறகு என்னென்ன நடக்கிறது, ரயில் பிள்ளைகள் அதில் எப்படிக் கலந்துகொள்கிறார்கள் என்றும் கேளுங்கள். பாடகர் குழுவையும் இயக்கக் கூட்டங்களையும் மதிய இடைவேளைக்கு மாற்றப் பள்ளிகளால் முடியும். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கம் கட்டணம் குறைந்த உயர்நிலைப் பள்ளிகளை வளர்க்க மறைமாவட்டத்தாலும் துறவற சபைகளாலும் முடியும். பங்குப் பேரவைகள் இந்தக் கோரிக்கையை எழுத்தில் வைக்க வேண்டும்.